கேட்பார் இல்லாத ஏலம்

ஈர வலையின் பாசி வாடை மூக்கில் பட்டால் இன்றைக்கும் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். அந்தக் காலைதான் காரணம்.

பண்ணையின் பெரிய குளத்தில், மார்பளவுத் தண்ணீரில் ஆட்கள் நின்று வலையை மெல்லக் கரைப் பக்கம் இழுத்து வந்தார்கள். கரையில் மீன் வியாபாரிகள். கூடையோடு வந்த பெண்கள் ஒரு பக்கம், ஐஸ் பெட்டி கட்டிய வண்டிகளோடு வந்த ஆண்கள் ஒரு பக்கம். கொஞ்சம் தள்ளி வேப்ப மரத்தடியில், பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மகளிர் குழுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கோஷம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. வாயே திறக்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வலை குறுகக் குறுகத் தண்ணீர் கலங்கிக் கொந்தளித்தது. ஒரு கட்லா எகிறி, வெயிலில் பளபளத்து, மறுபடி உள்ளே விழுந்தது. கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி, "யம்மாடி, கொழந்த கணக்கா இருக்குது" என்றாள்.

நான் தராசுக்குப் பக்கத்தில் நின்றேன். தராசுக் கற்களை வரிசையாக அடுக்கினேன். எங்கள் உதவி இயக்குநர் கழுத்தைக் கைக்குட்டையால் ஒற்றிவிட்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

அன்றைக்கு ஏலம் போகவிருந்தவை எங்கள் தாய் மீன்கள்.

ஊருக்குள் ஒரு குளம்

அப்போது நான் அரசு மீன்குஞ்சுப் பண்ணையில் துணை ஆய்வாளர். சுனாமி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. உழவர்கரைப் பக்கம், நாலா புறமும் வீடுகள் முளைத்துவிட்ட இடத்தில் எங்கள் பண்ணை இருந்தது. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம். முகூர்த்த நாட்களில் நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டே மீனுக்குத் தவிடும் பிண்ணாக்கும் போடுவோம்.

கட்லா, ரோகு, மிர்கால் என்று குளத்தில் வளரும் கெண்டை வகைகளுக்கு ஊசி போட்டு முட்டையிட வைத்து, குஞ்சு பொரித்து, ஏரி குளங்களைக் குத்தகை எடுத்தவர்களுக்கு மலிவாகக் கொடுப்பது எங்கள் வேலை. டவுனில் இருப்பவர்களும் வருவார்கள். கொசுப் புழுவைத் தின்னும் சின்ன மீன்களைத் தங்கள் வீட்டுக் கிணற்றில் விடத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிப் போவார்கள். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் அந்த மீனுக்காகவே சைக்கிளில் வருவார். எங்கள் காவலாளி அந்துவான் அவரைப் பார்த்ததும் "போன்ழூர் மிசே" என்று எழுந்து நிற்பார். அந்துவானுக்குத் தெரிந்த பிரெஞ்சு அதோடு சரி.

நான் விவசாயக் குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் மீன் என்றால் கடல் மீன்தான். குளத்து மீனில் சேற்று வாடை அடிக்கும் என்று அம்மா சட்டியிலேயே சேர்க்கமாட்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீனை ஈரத் துணியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊசி குத்தச் சொன்னார்கள். மீன் நழுவி, என் மடியிலேயே விழுந்து துள்ளியது. அன்றைக்கு முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் விடியற்காலையில் வட்டத் தொட்டியில் சுழலும் தண்ணீரில் முட்டைகள் ஜவ்வரிசி மாதிரி மினுங்கிக்கொண்டு ஓடுவதைக் காட்டினார்கள். அதற்கப்புறம் இந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக நான் நினைத்ததே இல்லை.

தாய் மீன் என்பது ஒரே வருடத்தில் கிடைத்துவிடாது. குஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்து, தேறியதைப் பொறுக்கி, வருடக்கணக்கில் தீனி போட்டால்தான் கிடைக்கும். அவற்றை விற்றுவிட்டால் பண்ணை என்று ஒன்று இருக்காது. வெறும் குளம்தான் இருக்கும். அந்தக் குளத்தையும் மண்ணடித்துத் தூர்த்துவிட்டு அலுவலகக் கட்டடம் கட்டப்போவதாக ஒரு பேச்சு ஏற்கெனவே உலவியது.

இனிமேல் குஞ்சு கிடையாது

அந்த வருடம் கோடையில் ஒருநாள் உதவி இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மீன் வளர்ப்பு படித்துவிட்டு வந்தவர். தலைமை அலுவலகத்திலிருந்து ஃபோன் வந்தால் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவார்.

புது பட்ஜெட்டில் நம் பண்ணைக்கு ஒதுக்கீடு இல்லையாம் என்றார். கடலோரத்தில் படகும் வலையும் போனவர்களுக்கே பணம் போதவில்லை, குளத்து மீனுக்கு எதற்கு என்று மேலே கேட்டார்களாம். குஞ்சு வேண்டுமானால் வெளி மாநிலத்திலிருந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று முடிவாம். பட்ஜெட் வருவதற்குள் தாய் மீன்களை ஏலம் விட்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதுவரை வெளியில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

நான் சரி சார் என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும். அறையை விட்டு வெளியே வந்து, டிபன் டப்பாவைத் திறந்து, ஒரு வாய்கூட இறங்காமல் மூடி வைத்தேன்.

நிரந்தர ஊழியர்களை எங்காவது மாற்றிவிடுவார்கள். எங்கள் யூனியன் பிரதேசத்தின் வரைபடம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். புதுச்சேரி ஒரு பக்கம், காரைக்கால் ஒரு பக்கம், மாஹே கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்தில். யாரையாவது தண்டிக்க வேண்டுமென்றால் மெமோகூடத் தேவையில்லை. ஏனாம் என்று ஒரு வார்த்தை போதும். அந்துவான் போன்ற தற்காலிக ஆட்களுக்கு அதுவும் இல்லை. நாளையிலிருந்து வராதே என்பதோடு முடிந்தது.

சில நாள் கழித்து அஞ்சலை வந்தார். பாகூர்ப் பக்கம் ஒரு ஏரியைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கும் மகளிர் குழுவின் தலைவி. என்னைவிட மூத்தவர், நான் அஞ்சலைக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். தவளக்குப்பத்தில் ஒரு பஸ் மாறி, கையில் ஒரு மஞ்சள் பையோடு, வருடா வருடம் மழைக்கு முன்னால் வந்து குஞ்சுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போவார்.

அந்த முறையும் அதற்குத்தான் வந்திருந்தார். முந்தின வருடம் எங்களிடம் குஞ்சு போதாமல் போனதால் ஒரு ஏஜெண்டிடம் லாரியில் வந்த குஞ்சை வாங்கி, பையைப் பிரித்ததுமே முக்கால்வாசி செத்து மிதந்த கதையைச் சொல்லிவிட்டு, "இந்த வாட்டி மொதல்லயே வந்துட்டேன் மேடம். எங்களுக்குப் போவத்தான் மத்தவங்களுக்கு" என்று சிரித்தார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேசாமல் சரி என்று தலையாட்டி அனுப்பியிருக்கலாம். குத்தகைப் பணம் கட்டிவிட்டு ஏரியில் விட ஒன்றும் இல்லாமல் ஆடி மாதம் இந்த வாசலில் வந்து நிற்பாரே என்று நினைத்தேன். அவரைப் பம்பு செட் சத்தத்துக்குப் பக்கத்தில் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அஞ்சலை மஞ்சள் பையை மடித்து இடுக்கிக்கொண்டார். "நீங்க சொன்னதா நாங்க சொல்ல மாட்டோம்" என்றார். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

மில் வாசல்

வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

அவர் பஞ்சாலைத் தொழிலாளி. நான் கல்யாணமாகி வந்த புதிதில் மில்லில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. இவர் சங்கத்தில் முன்னால் நின்றவர். தினமும் காலையில் சாப்பாடு கட்டிக்கொண்டு மில்லுக்குள் போகாமல் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டு, மாலையில் காலி டப்பாவோடு வருவார். கடைசியில் மற்றவர்களை உள்ளே விட்டார்கள். முன்னால் நின்ற சிலரை விடவில்லை. அதற்கப்புறம் இங்கும் அங்குமாக ஒர்க் ஷாப்களில்தான் வேலை. வீடு ஓடியது என் சம்பளத்தில்.

"ஒரு வூட்ல ஒருத்தர் போதும்" என்றார். "நீ வாயத் தொறக்காத."

எங்கள் மகள் அந்த வருடம் பத்தாவது. உள்ளே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டு அவள் படிப்பு நின்றது தெரிந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அதற்கப்புறம் பண்ணையில் ஃபோன் அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். அஞ்சலையும் அவர் குழுவும் மனு எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கியது அவ்வப்போது காதில் விழுந்தது. ஒரு இடத்தில் நாளை வா என்றார்கள். இன்னோர் இடத்தில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மனுவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு டீ கொடுத்து அனுப்பினாராம். மற்ற ஏரிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆனாலும் ஏலத் தேதி நிற்கவில்லை. வியாபாரிகளுக்கு நோட்டீஸ் போய்விட்டது.

மறுபடி அந்தக் கரைக்கு

ஆக, அந்தக் காலை. வலை கரைக்கு வந்துவிட்டது. ஆட்கள் ஒரு கட்லாவை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கித் தராசை நோக்கி வந்தார்கள்.

கூடைக்காரப் பெண்களில் பொன்னம்மா என்பவர் முன்னால் வந்தார். காலாப்பட்டுப் பக்கத்து மீனவ கிராமத்துக்காரர். கரையில் மீன் ஏலம் எடுத்து டவுன் மார்க்கெட்டில் விற்பவர். அவர் ஒரு விலை சொன்னால் மற்றப் பெண்கள் அதை ஒட்டித்தான் கேட்பார்கள். கோடையில் கடலுக்குப் போகக் கூடாது என்ற தடைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பல வாரங்களாக வியாபாரம் இல்லாமல் காய்ந்து போயிருந்தவர்கள். இந்த மீன்கள் அவர்களுக்கு நல்ல லாபம்.

அவர் மீனின் வயிற்றில் கையை வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்துப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இது சினையாம்மா?"

உதவி இயக்குநர் என்னைப் பார்த்தார். மரத்தடியில் அஞ்சலை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தலையைக் குனிந்துகொண்டு தராசுக் கல்லை நகர்த்தலாம்.

"ஆமாம்மா. எல்லாமே சினைதான். ஒரு நல்ல மழை பெஞ்சதும் ஊசி போட்டா முட்டை உட்டுடும்" என்றேன்.

பொன்னம்மா கையை எடுத்து முந்தானையில் துடைத்தார். உதவி இயக்குநரிடம் பேசினார். சத்தம் போடவில்லை.

"சார், மீனு முட்டை உடுற நேரம்னு சொல்லித்தான் எங்களக் கடலுக்குப் போவக் கூடாதுன்னீங்க. நாங்களும் படகக் கரையில ஏத்திட்டு வூட்ல குந்தியிருந்தோம். கஞ்சிக்கு இல்லாம குந்தியிருந்தோம். இப்ப நீங்களே சினை மீனப் புடிச்சி வச்சிக்கினு வாங்கிக்கோன்றீங்க. இது இன்னா சார் நியாயம்?"

உதவி இயக்குநர் இது மேலிடத்து உத்தரவு என்றார். கடல் வேறு, குளம் வேறு என்றும் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிப்போனது.

அப்போதுதான் அஞ்சலை எழுந்து வந்தார். பொன்னம்மாவிடம் கெஞ்சவில்லை. தங்கள் ஏரிக்கு இந்தப் பண்ணையிலிருந்துதான் குஞ்சு வருகிறது, இந்த மீன் போனால் இனிமேல் வராது என்று மட்டும் சொன்னார். பொன்னம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கடல்காரருக்குப் பணம் போதவில்லை என்று சொல்லித்தான் இந்தப் பண்ணையை மூடுகிறார்கள் என்பதும் குழுப் பெண்களின் பேச்சில் வந்தது. அதைக் கேட்டதும் பொன்னம்மாவின் முகம் மாறியது.

"எங்க பேரச் சொல்லியா?" என்றார்.

கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முணுமுணுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. பஸ் காசு தண்டம் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

ஐஸ் பெட்டிக்காரர்கள் நின்றார்கள். அதில் ஹோட்டல்களுக்கு மீன் போடும் ஒருவர் மட்டும் விலையைக் கேட்டார். ஒருவர் கேட்டால் போதும், ஏலம் செல்லும். அவர் பொன்னம்மா போன திசையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். தினமும் விடிந்தால் அவங்க கடற்கரையில்தான் போய் நிற்கணும் சார், அவங்ககிட்டதான் மீன் வாங்கணும் என்று உதவி இயக்குநரிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

கொஞ்ச நேரத்தில் கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மீன் இன்னும் ஆட்களின் கையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"எறக்கி உடுங்க" என்றார் உதவி இயக்குநர். "செத்துறப் போவுது."

தலைமை அலுவலகத்து பெஞ்சு

ஏலம் கேட்பார் இல்லாமல் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் உள்ளூர்ப் பேப்பரில் செய்தி வந்தது. டீ கொடுத்து அனுப்பிய அந்த உறுப்பினர் சட்டமன்றத்தில் எழுந்து, சினை மீனை விற்கும் அரசு என்று பேசினார். சபையில் சிரித்தார்களாம். அந்தச் சிரிப்பு மேலே யாருக்கோ சுட்டிருக்கிறது.

என்னைத் தலைமை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். கடற்கரைக்குப் பக்கத்தில், உயரமான கதவுகளும் மஞ்சள் சுவர்களுமாக இருந்த பழைய கட்டடம். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு. அதில் எனக்கு முன்னாலேயே அந்துவான் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

பொம்பளைங்களுக்கு விஷயத்தைச் சொன்னது நீதானே என்று கேட்டார்களாம். அவருக்கும் பாகூர்ப் பக்கம் உறவுக்காரர்கள் உண்டு. அதை வைத்து முடிவு கட்டிவிட்டார்கள். "நான் ஒண்ணும் சொல்லலியே மேடம்" என்றார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, என் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவருடைய மனைவிக்கு அப்போது மார்பில் கட்டி வந்து வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

அந்தப் பெஞ்சில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. மகளின் பத்தாம் வகுப்பு, வீட்டு வாடகை, கணவர் சொன்ன வார்த்தை எல்லாம் மாறி மாறி வந்தன. அந்துவான் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். இயக்குநர் தலை நிமிராமல், அந்தக் காவலாளிதான் சொன்னானா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம்.

"இல்ல சார். நான்தான் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்பார், பதில் சொல்லலாம் என்று வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. ஏனாமில் ரொம்ப நாளாக ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று சுவரோரம் நின்றேன். அவர், "அந்துவானு வேலைல இருக்கானா?" என்றார். இருக்கிறார் என்றேன். எழுந்து போய் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

கோதாவரிக் கரையில்

மகளை என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் ஏனாமுக்குப் போனோம். பஸ் ஏற்றிவிட வந்தவள் அழவில்லை. அம்மா, லீவுக்கு வந்துடுவியா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கும் பெண்ணை விட்டுவிட்டுப் போனதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறாது.

ஏனாமில் எங்கு பார்த்தாலும் தெலுங்கு. கடையில் உப்பு வாங்கக்கூட விரலைக் காட்ட வேண்டியிருந்தது. பக்கத்திலேயே கோதாவரி ஓடியது. அவ்வளவு தண்ணீரைப் பார்த்து எனக்கு எங்கள் குளத்தின் நினைப்புதான் வரும். பட்ஜெட் அன்று என் கணவர் புதுச்சேரிக்கு ஃபோன் போட்டுப் போட்டுப் பார்த்தார். லைனே கிடைக்கவில்லை. மறுநாள்தான் தெரிந்தது: பண்ணையை மூடவில்லை. தீவனப் பணத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள், இரண்டு தொட்டிகளை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்த ஒரு வருடத்துக்குப் பண்ணை உண்டு. அடுத்த வருடம் என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஒருநாள் மதியம் அலுவலகத்துக்கு எனக்கு ஃபோன் வந்தது. தவளக்குப்பத்து பூத்திலிருந்து அஞ்சலை. பின்னால் பஸ் ஹாரன் சத்தம், அவரோடு வந்த பெண்களின் பேச்சுச் சத்தம்.

குஞ்சு வந்துவிட்டதாம். வேனில் பை பையாகக் கொண்டுவந்து அன்று காலை ஏரியில் விட்டார்களாம். ஒன்றுகூடச் சாகவில்லையாம். பொன்னம்மாவைக்கூடக் கூப்பிட்டார்களாம், அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தன் கையால் ஒரு பையைப் பிரித்து விட்டாராம்.

கேட்டுக்கொண்டே நின்றேன்.

"நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தோம் மேடம். பண்ணைல கேட்டா மாத்தல் வாங்கிக்கினு பூட்டாங்கன்றாங்க. பெரிய எடம் கெடச்சதும் எங்கள மறந்துட்டீங்களா?" அவர் குரலில் நிஜமாகவே கோபம் இருந்தது.

அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மதியம் அவருக்குக் கெட்டிருக்கும்.

"மறக்கலக்கா" என்றேன். "ஏரில தண்ணி எவ்ளோ நிக்குது?"

அவருடைய கோபம் அந்தக் கேள்வியில் போய்விட்டது. மதகு வரைக்கும் நிற்கிறது என்று ஆரம்பித்து, எந்தக் கரையில் விட்டார்கள், குஞ்சுகள் எப்படிக் கூட்டமாகக் கோரைப் பக்கம் போயின, கொக்கு வராமல் இருக்க யார் முறை போட்டுக் காவல் நிற்கிறார்கள் என்று பூத்துக்காரர் போதும் என்று சொல்லும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.